எச்1 என்னும் லிங்கர் ஹிஸ்டோன்: கோழிக்கு ஒன்று, தக்காளிக்கு ஒன்று

பெங்களூர் சிவாஜிநகரில் ரஸ்ஸல் மார்க்கெட்டை ஒட்டிய கோழிக் கடைகளில் காலை நேரத்தில் ஒரு தம்ளர் ரத்தம் கேட்டு வாங்குவது பெரிய காரியமில்லை. கடைக்காரருக்கு அது கழுவி விடவேண்டிய கழிவு. குரோமாட்டின், அதாவது டிஎன்ஏவும் அது சுற்றிக்கொள்ளும் புரதங்களும் சேர்ந்த பொருள், பற்றிப் படிப்பவர்களுக்கோ அது தங்கம். பறவைகளின் ரத்தச் சிவப்பணுவில் உட்கரு இருக்கிறது, நம்முடையதில் இல்லை. நம் சிவப்பணு முதிரும்போது உட்கருவை வெளியே தள்ளிவிடுகிறது. கோழியின் சிவப்பணு அதை வைத்துக்கொண்டே, உள்ளிருக்கும் மரபணுக்களில் ஏறக்குறைய எல்லாவற்றையும் அடக்கி வைக்கிறது. டிஎன்ஏ முழுசாக இருக்கும், ஆனால் படிக்கப்படாது. அப்படி அடக்கி வைப்பதில் பெரும்பங்கு வகிக்கும் புரதத்துக்கு எச்5 என்று பெயர். அது லிங்கர் ஹிஸ்டோன் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தின் பொதுப்பெயர் எச்1.

ஹிஸ்டோன் என்ற புரத வகையே முதன்முதலில் பறவை ரத்தத்திலிருந்துதான் கிடைத்தது. 1884-இல் ஜெர்மன் வேதியியலாளர் ஆல்பிரெக்ட் கோசெல் கூஸ் என்ற பெரிய வாத்தின் ரத்தச் சிவப்பணுக்களிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். 1910-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அந்தப் புரதம் செல்லுக்குள் என்ன வேலை செய்கிறது என்பது தெளிவாக இன்னும் தொண்ணூறு ஆண்டுகள் ஆயின.

அடிப்படையிலிருந்து தொடங்குவோம். மனிதச் செல் ஒன்றில் இருக்கும் டிஎன்ஏவை நீட்டிப் பிடித்தால் சுமார் 2 மீட்டர் வரும். அதை வைக்கக் கிடைத்திருக்கும் உட்கருவின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே டிஎன்ஏ எதையாவது சுற்றித்தான் ஆகவேண்டும். எச்2ஏ, எச்2பி, எச்3, எச்4 என்று நான்கு வகை ஹிஸ்டோன்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு, ஆக எட்டுப் புரதங்கள் சேர்ந்து ஓர் உருளையாகின்றன. அந்த உருளையின்மேல் டிஎன்ஏ 147 எழுத்து (காரத்துணை) நீளத்துக்கு, ஏறத்தாழ 1.65 சுற்று சுற்றிக்கொள்கிறது. இதுதான் நியூக்ளியோசோம். 1974-இல் ரோஜர் கோர்ன்பெர்க் இந்த அமைப்பை முன்வைத்தார். ஒரு நியூக்ளியோசோமுக்கும் அடுத்ததற்கும் நடுவே சுற்றாமல் கொஞ்சம் டிஎன்ஏ மிஞ்சும். அதற்கு லிங்கர் டிஎன்ஏ என்று பெயர்.

இங்கே நான் டியூஷன் எடுக்கும் அல்சூர் வீட்டில், பியூசி இரண்டாம் வருடம் படிக்கும் பெண் ஒருத்தி இதைக் கேட்டுவிட்டு, "மிஸ், எட்டு ஹிஸ்டோன்னு எண்ணிட்டீங்க. எச்1 அதுல வரவே இல்லையே, பேர்ல மட்டும் முதல் நம்பர் அதுக்குத்தானே இருக்கு?" என்றாள். சரியான கேள்வி. எச்1 உருளைக்குள் இல்லை. அது வெளியே உட்காருகிறது.

வேட்டி கட்டத் தெரியாத பையனுக்கு ஒன்றரைச் சுற்று சுற்றிவிட்டு, இரண்டு ஓரமும் வந்து சேரும் இடத்தில் அம்மா ஓர் ஊக்கு குத்திவிடுவாள் அல்லவா, எச்1 செய்வது அந்த ஊக்கின் வேலை. டிஎன்ஏ உருளைக்குள் நுழையும் இடமும் அதைவிட்டு வெளியேறும் இடமும் அருகருகே இருக்கின்றன. எச்1 அந்த இரண்டையும் தொட்டுப் பிடித்துக்கொள்கிறது. அது பிடித்தபிறகு 147 எழுத்துக்குப் பதில் சுமார் 166 எழுத்து வரை டிஎன்ஏ, அதை வெட்டும் நொதிகளிடமிருந்து பாதுகாப்பாகிறது. ஊக்கு இல்லாவிட்டாலும் வேட்டி இடுப்பில் நிற்கும், எச்1 இல்லாவிட்டாலும் நியூக்ளியோசோம் கலைந்துவிடாது. அதனால்தான் அது எட்டில் ஒன்றாக எண்ணப்படுவதில்லை. ஆனால் பக்கத்துப் பக்கத்து நியூக்ளியோசோம்கள் நெருங்கி அடுக்காவது பெரும்பாலும் எச்1 இருக்கும்போதுதான். 1979-இல் தோமா, கோலர், க்ளூக் மூவரும் எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் இதைக் காட்டினார்கள். எச்1 உள்ள குரோமாட்டின் ஒழுங்கான கோணல்மாணல் வரிசையாகத் தெரிந்தது, எச்1-ஐ நீக்கியதும் அந்த ஒழுங்கு போய்விட்டது.

எச்1-இன் உடலை மூன்றாகப் பார்க்கலாம். முன்னால் சின்ன வால், நடுவில் உருண்டைப் பகுதி, பின்னால் நீண்ட வால். உருண்டைப் பகுதி எழுபது எண்பது அமினோ அமிலங்களால் ஆனது, அதற்கு உறுதியான வடிவம் உண்டு. அந்த வடிவத்தை அணு அளவில் முதலில் கண்டவர்களில் முதன்மையானவர் நம் ஊர்க்காரர். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனும் அவருடைய குழுவினரும் 1993-இல் எச்5-இன் உருண்டைப் பகுதியை, கோழி ரத்தத்தில் இருக்கும் அதே எச்5-ஐத்தான், படிகமாக்கி எக்ஸ்ரே மூலம் படித்து வெளியிட்டார்கள். பின்னாளில் 2009-இல் ரைபோசோமுக்காக அவர் நோபல் வாங்கியது எல்லோருக்கும் தெரியும். இந்தப் பழைய வேலை பலருக்குத் தெரியாது. எனக்கு அது ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் எச்1 டிஎன்ஏவை எப்படிப் பிடிக்கிறது என்ற பேச்சு வெறும் ஊகமாக இருந்த நிலை அதோடு மாறியது.

பின்னால் இருக்கும் நீண்ட வாலுக்கு நிலையான வடிவமே கிடையாது. சுமார் நூறு அமினோ அமிலம் நீளம், அதில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் லைசின். லைசினுக்கு நேர்மின்னேற்றம். டிஎன்ஏவின் முதுகெலும்பு முழுக்க எதிர்மின்னேற்றம். லிங்கர் டிஎன்ஏ துண்டுகள் ஒன்றையொன்று தள்ளிக்கொள்வதற்குக் காரணமே இந்த எதிர்மின்னேற்றம்தான். லைசின் வால் வந்து அதைத் தணித்ததும் அவை பக்கத்தில் வர முடிகிறது. இந்த வால் எவ்வளவு நெகிழ்வானது என்பதற்கு 2018-இல் ஒரு வியப்பான சான்று கிடைத்தது. மனிதர்களின் எச்1 வகைகளில் ஒன்றான எச்1.0-க்கும் புரோதைமோசின் ஆல்ஃபா என்ற எதிர்மின்னேற்றப் புரதத்துக்கும் உள்ள பிணைப்பை அளந்தபோது, இரண்டும் மிக இறுக்கமாகச் சேர்ந்திருந்தன. சேர்ந்த பிறகும் இரண்டுமே வடிவம் இல்லாமல் அலைந்துகொண்டிருந்தன. ஒன்றின் நிகர ஏற்றம் +53, மற்றொன்றினுடையது −44. வடிவம் பொருந்தாமல், ஏற்றம் மட்டும் பொருந்தி உண்டான பிணைப்பு அது.

இந்த ஏற்றத்தைச் சோதனைக்கூடத்தில் கண்ணாலேயே பார்த்துவிடலாம். செல் உட்கருக்களை 5 சதவீதம் பெர்குளோரிக் அமிலத்தில் கலக்கினால் மற்றப் புரதங்கள் பெரும்பாலும் வெள்ளையாகத் திரிந்து அடியில் படிந்துவிடும். எச்1 மட்டும் கரைசலில் தெளிவாக நிற்கும். மேலே இருக்கும் திரவத்தை எடுத்து, அதிலிருந்து புரதத்தை வீழ்த்தி, புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டி, நீலச் சாயம் ஏற்றினால் 30 கிலோடால்டனுக்கு (புரத எடையின் அலகு) மேலே ஒரு பட்டை தெரியும். உண்மையில் அந்தப் புரதத்தின் எடை 21 கிலோடால்டன்தான் இருக்கும். நேர்மின்னேற்றம் அதிகமாக இருப்பதால் அது ஜெல்லில் மெதுவாகத்தான் நகர்கிறது, அதனால் கனமானதுபோல் காட்டுகிறது. முதல்முறை பார்க்கும் மாணவர்கள் தப்பான புரதத்தை எடுத்துவிட்டோமோ என்று பதறுவது வழக்கம். பதற வேண்டாம், எச்1-இன் அடையாளமே அதுதான்.

இனி உயிரினத்துக்கு உயிரினம் எப்படி மாறுகிறது என்று பார்ப்போம். பாடப்புத்தகங்கள் ஒரு வரியில் தாண்டிப் போகும் இடம் இது. எனக்கு இதுதான் கதையின் சாரம்.

முதலில் ஓர் ஒப்பீடு வேண்டும். எட்டில் ஒன்றான எச்4-இல் 102 அமினோ அமிலங்கள். பட்டாணிச் செடியின் எச்4-ஐயும் கன்றுக்குட்டியின் எச்4-ஐயும் 1969-இல் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, 102-இல் இரண்டே இடத்தில்தான் வேறுபாடு இருந்தது. செடியும் மாடும் பிரிந்து நூறு கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. அத்தனை காலத்தில் இரண்டு எழுத்து (இங்கே எழுத்து என்பது அமினோ அமிலம்)! இதே ஒப்பீட்டை எச்1-க்குச் செய்தால், உருண்டைப் பகுதியில் சாயல் தெரியும், வால் பகுதியில் எழுத்துக்கு எழுத்து பொருத்தவே முடியாது. நீளமே வேறு. வரிசை வேறு. ஆனாலும் லைசின் நிறைந்திருக்கும், அலனினும் புரோலினும் அங்கங்கே இருக்கும், மொத்த ஏற்றம் நேர்மின்னாகவே இருக்கும். எழுத்து மாறலாம், ஏற்றம் குறையக்கூடாது என்பதுதான் இந்தக் குடும்பத்தின் சட்டம். எச்4-ஐச் சுற்றிலும் மற்ற ஏழு புரதங்களும் டிஎன்ஏவும் நெருக்கிக்கொண்டிருக்கின்றன, ஓர் எழுத்து மாறினாலும் எங்காவது இடிக்கும். எச்1-இன் வால் வெட்டவெளியில் டிஎன்ஏவோடு ஏற்றத்தால் மட்டும் உறவாடுகிறது. மாறுவதற்கு அதற்கு இடம் இருக்கிறது.

அந்த இடத்தை ஒவ்வோர் உயிரினமும் தன் வழியில் பயன்படுத்தியிருக்கிறது. மல்லேஸ்வரம் ஐயங்கார் பேக்கரியில் பன் உப்புவதற்குக் காரணமான ஈஸ்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எச்1-க்கு எச்எச்ஓ1 என்று பெயர், 258 அமினோ அமிலங்கள். விசித்திரம் என்னவென்றால் அதில் உருண்டைப் பகுதி ஒன்றல்ல, இரண்டு. அந்த மரபணுவையே நீக்கினாலும் ஈஸ்ட் வளரும், சாகாது. ஈஸ்ட்டில் நியூக்ளியோசோம்கள் மிக நெருக்கமாக, சுமார் 165 எழுத்துக்கு ஒன்றாக இருப்பதால் எச்1 உட்காரப் பெரிய இடமும் இல்லை.

டெட்ராஹைமினா என்ற ஒருசெல் உயிரியின் பெரிய உட்கருவில் இதற்கு நேர் எதிர்: அங்கே இருக்கும் எச்1-இல் உருண்டைப் பகுதியே கிடையாது. வால் மட்டும்தான். 1990களில் அதை நீக்கிப் பார்த்தார்கள், செல் பிழைத்தது, உட்கரு மட்டும் பெரிதாக வீங்கியது. உறக்க நோயைத் தரும் டிரிப்பனோசோம் குடும்பத்திலும் வால் மட்டுமே உள்ள எச்1தான். இன்னும் ஒருபடி கீழே இறங்கினால் பாக்டீரியாவிலேயே, உதாரணமாக கிளாமிடியாவில், எச்1-இன் வாலைப் போன்ற லைசின் மிகுந்த புரதம் இருக்கிறது. தொற்றும் நிலையில் தன் டிஎன்ஏவைச் சுருட்டி வைக்க அது அதைப் பயன்படுத்துகிறது. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்து, வால்தான் பழையது, உருண்டைப் பகுதி பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது என்று ஒரு கருத்து முன்வைக்கப்பட்டிருக்கிறது. எனக்கு அது நம்பத்தகுந்ததாகவே படுகிறது.

செடிகளுக்கு வருவோம். பெங்களூருக்குத் தக்காளி பெருமளவில் கோலாரிலிருந்து வருகிறது, மழை பொய்த்தால் என்ன ஆகும் என்று அங்குள்ள விவசாயிக்குத் தெரியும். தக்காளிச் செடிக்கும் ஒரு ஏற்பாடு தெரியும். தண்ணீர் குறைந்ததும் அதன் இலைகளில் எச்1-எஸ் என்ற சிறப்பு லிங்கர் ஹிஸ்டோன் கூடத் தொடங்குகிறது. ஆய்வகச் செடியான அராபிடோப்சிஸில் மூன்று எச்1 உண்டு. இரண்டு எப்போதும் இருக்கும். மூன்றாவது வறட்சியிலும் வெளிச்சக் குறைவிலும் பெருகும். அந்த மூன்றாவதின் வால் குட்டையானது. ஓடித் தப்பிக்க முடியாத உயிர், தன் டிஎன்ஏவைப் பிடிக்கும் புரதத்தையே மாற்றிக்கொண்டு சமாளிக்கிறது என்று நினைக்கும்போது தக்காளியைப் பார்க்கும் பார்வையே எனக்கு மாறிவிட்டது.

விலங்குகளில் இன்னொரு போக்கு உண்டு. முட்டைக்கும் விந்துக்கும் தனி எச்1. தவளை முட்டையில் பி4 என்ற ஒன்று, கரு சில ஆயிரம் செல்களாகப் பெருகும் வரை அதுதான் ஆட்சி, அப்புறம்தான் சாதாரண எச்1 வருகிறது. பழ ஈயின் உடல் செல்களில் ஒரே வகை எச்1, அதன் மரபணு சுமார் நூறு நகல்களாக வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். ஆனால் கருவின் தொடக்கத்துக்கும் இனப்பெருக்கச் செல்களுக்கும் பிக்எச்1 என்று வேறொன்று இருப்பது 2013-இல் தெரியவந்தது. கடல் முள்ளெலியின் விந்துவில் நீண்ட எச்1, நியூக்ளியோசோம் இடைவெளியும் அதற்கேற்ப சுமார் 240 எழுத்து. ஈஸ்ட்டின் 165-ஐ இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கோழிச் சிவப்பணுவில் 210 சொச்சம். பொதுவாக எச்1 கூடக்கூட இந்த இடைவெளியும் கூடுகிறது.

மனிதர்களிடம் பதினொரு வகை. எச்1.1 முதல் எச்1.5 வரை உள்ள ஐந்தும் செல் பிரிவதற்கு முன் டிஎன்ஏ நகலெடுக்கும் வேளையில் உருவாகின்றன. அவற்றின் மரபணுக்கள் ஆறாம் குரோமோசோமில் கூட்டமாக இருக்கின்றன. எச்1.0, பிரிவதை நிறுத்திவிட்டுத் தன் வேலையில் நிலைத்துவிட்ட செல்களில் சேர்கிறது. கோழியின் எச்5-க்கு மிக நெருங்கிய உறவு இதுதான். எச்1எக்ஸ் இன்னொன்று. மீதி நான்கில் மூன்று விந்தகத்துக்கு, ஒன்று முட்டைக்கு.

விந்தக வகைகளில் எச்1டி என்பதைப் பற்றிய முக்கியமான வேலை இந்த ஊரில் நடந்தது. ஆட்டோக்காரர்கள் இன்றும் டாடா இன்ஸ்டிட்யூட் என்று சொல்லும் இந்திய அறிவியல் கழகத்தில் எம்.ஆர்.எஸ். ராவ் குழுவினர் எலியின் விந்தகத்தையும் ஈரலையும் ஒப்பிட்டார்கள். ஈரலின் எச்1 டிஎன்ஏவை நன்றாகச் சுருக்கியது, விந்தகத்தின் எச்1டி அவ்வளவு சுருக்கவில்லை. 1990களின் நடுவில் வெளியான இந்த ஆய்வுகள் காரணத்தையும் சுட்டின. செரின், புரோலின், லைசின், லைசின் என்ற நான்கெழுத்து வரிசை சாதாரண எச்1-இன் வாலில் இருக்கிறது, எச்1டியில் அது இல்லை. விந்து உருவாகும் வழியில் தாய்வழி, தந்தைவழி குரோமோசோம்கள் டிஎன்ஏ துண்டுகளைக் கைமாற்றிக்கொள்ளும் நேரத்தில் குரோமாட்டின் தளர்ந்திருப்பது தேவை, ஆகவே இறுக்கிப் பிடிக்காத எச்1 அங்கே பொருத்தமானது என்பது அவர்கள் பார்வை. ராவ் பிறகு ஜக்கூரில் உள்ள ஜவாஹர்லால் நேரு மையத்தின் தலைவராக இருந்தார், 2023-இல் காலமானார். எச்1 பற்றிப் பேசும்போது பெங்களூர்க்காரர்கள் அவரை நினைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, இத்தனை வகை எதற்கு, ஒன்று போனால் இன்னொன்று ஈடுகட்டாதா? சுண்டெலியில் செய்து பார்த்தார்கள். ஒன்றை நீக்கினால் எலிக்கு ஒன்றும் ஆகவில்லை, மற்ற எச்1-கள் பெருகி இடத்தை நிரப்பின. மூன்றை ஒருசேர நீக்கியபோது மொத்த எச்1 ஏறக்குறைய பாதியாகியது, கரு வயிற்றுக்குள்ளேயே பாதிக் காலத்தில் இறந்தது. அந்தக் கருவின் குருத்தணுக்களை வளர்த்துப் பார்த்தால் நியூக்ளியோசோம் இடைவெளி சுமார் 15 எழுத்து சுருங்கியிருந்தது. எந்த வகை என்பதைவிட மொத்தம் எவ்வளவு என்பது முக்கியம் என்று இது சொல்கிறது. ஆனால் எச்1டியையும் வறட்சி எச்1-ஐயும் பார்த்துவிட்டு, வகைக்கு மதிப்பே இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. இரண்டும் உண்மைதான்.

இன்னொரு தவறான எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். எச்1 ஒரு தடவை உட்கார்ந்தால் அப்படியே இருந்துவிடும் என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 2000-இல் ஒளிரும் எச்1-ஐ உயிருள்ள செல்லில் வைத்து, ஒரு சிறு வட்டத்தில் மட்டும் ஒளியை அணைத்துப் பார்த்தபோது, சில நிமிடங்களிலேயே அந்த வட்டம் மறுபடியும் ஒளிர்ந்தது. பழைய எச்1 கிளம்பிப் போய்ப் புதியது வந்துவிட்டது. எச்3, எச்4 போன்றவை மணிக்கணக்கில் அசையாது. குத்திய ஊக்கைக் கழற்றிக் கழற்றிக் குத்திக்கொண்டே இருக்கிறது செல். மரபணுவைப் படிக்க வேண்டிய புரதங்களுக்கு அந்த இடைவெளியில்தான் வாய்ப்பு.

வாலின் ஏற்றம் எவ்வளவு முக்கியம் என்று காட்ட இரண்டு நிகழ்வுகள் உண்டு. ஒன்று பரிணாமத்தில் நடந்தது. லைசினுக்கான டிஎன்ஏ குறிகளில் ஒன்று ஏஏஜி. அது வாலில் திரும்பத் திரும்ப வருகிறது. இடையில் ஓர் எழுத்து குறைந்து படிக்கும் வரிசை நகர்ந்தால் ஏஏஜி என்பது ஏஜிஏ ஆகிவிடும், அது அர்ஜினினுக்கான குறி. அர்ஜினினும் நேர்மின்னேற்றம்தான், டிஎன்ஏவை லைசினைவிட இறுக்கமாகவே பிடிக்கும். கடற்பீச்சி வகை உயிரினங்களில் இப்படி ஒரு நகர்வு நடந்து, விந்துவில் உள்ள எச்1 வகைப் புரதத்தின் லைசின் வால் அர்ஜினின் வாலாக மாறியதை 2004-இல் விளக்கினார்கள். விந்துவில் டிஎன்ஏவைக் கெட்டியாக அடைக்கும் புரோட்டமின்கள் எச்1-இலிருந்து வந்தவை என்பதற்கு அது ஒரு சான்று.

மற்றது குழந்தைகளிடம் காணப்படும் அரிய நோய். ரஹ்மான் சிண்ட்ரோம் என்று பெயர், 2017-இல் அதன் காரணம் தெரியவந்தது. எச்1.4 மரபணுவின் இரு நகல்களில் ஒன்றில், வால் பகுதியில், சில எழுத்துகள் கூடியோ குறைந்தோ படிக்கும் வரிசை நகர்ந்துவிடுகிறது. பெரும்பாலும் பெற்றோரிடம் இல்லாமல் குழந்தையிடம் புதிதாகத் தோன்றும் மாற்றம். வெவ்வேறு குழந்தைகளில் மாற்றம் வெவ்வேறு இடத்தில் இருந்தாலும், நகர்வது ஒரே வரிசைக்குத்தான். ஆகவே எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரியான வால் கிடைக்கிறது: வழக்கத்தைவிடக் குட்டை, நேர்மின்னேற்றமும் குறைவு. இங்கே நகர்ந்த வரிசையில் லைசின்களை ஈடுகட்ட அர்ஜினின் வருவதில்லை. மற்ற நகல் சரியாக இருந்தும், மற்றப் பத்து வகைகளும் சரியாக இருந்தும், அந்தக் குழந்தைகளுக்கு அறிவு வளர்ச்சியில் குறைபாடும், சிறுவயதில் பலருக்கு வழக்கத்தைவிட அதிக உடல் வளர்ச்சியும் காணப்படுகின்றன.